விரிசல் விட்ட ஒன்று

மைல்ஸ் சிட்டி கண்காட்சிக் கொட்டகையில்
பிப்ரவரிச் சனிக்கிழமை.
உள்ளே வந்தும் யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
வெர்லா ஹ்ருஸ்காவின் மேசையில்
பதினேழு காப்பி டப்பாக்கள்.
எல்லாம் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள்,
ஒட்டிய டேப்பில் பேனா எழுத்து:
‘ஒருமுறை சுட்டது.’
‘இரண்டு முறை, இருக்கலாம்.’
‘தெரியாது.’
தெரியாது என்று எழுதியவளை
நம்பலாம் என்று தோன்றியது.

முப்பது-நாட்-ஆறு, நூறு எடுத்தால் நாற்பது டாலர்.
கழுவியிருந்தால் ஐந்து கூட.
இருநூற்று இருபத்து மூன்று மலிவு,
ஆகஸ்ட் வெட்டுக்கிளி போல எங்கும் கிடக்கும்;
சுடுகளத்துப் பையன்கள் வாளியில் வாரி
எடைக்குப் போடுகிறார்கள்.
காயலான் கடைக்காரன் பவுண்டுக்கு இரண்டு டாலர் தருவான்,
அவனுக்கு எல்லாம் ஒரே உலோகம்.
எங்களுக்கு அப்படியில்லை.
அடியில் பொறித்த எழுத்தைப் பார்ப்போம்,
கழுத்தைப் பார்ப்போம்,
வளைத்த கம்பியை உள்ளே விட்டு
சுவர் மெலிந்த இடத்தைத் தடவுவோம்.
குதிரை வாங்குகிறவன்கூடப்
பல்லோடு நிறுத்திக்கொள்வான்.

பன்னிரண்டாவது டப்பாவில் ‘கலவை’ என்றிருந்தது.
கையை விட்டேன்.
குட்டைக் கழுத்து, சரிந்த தோள்.
கண்ணுக்கு முன்னே விரல் அறிந்தது:
இருநூற்று ஐம்பது சாவேஜ்.

என்னிடம் பதினொன்று இருந்தது.
பழைய பனிவண்டி ஒன்றைக் கொடுத்து
மாற்றாக வாங்கிய துப்பாக்கி அது.
அதற்குத் தோட்டா வைத்திருக்கும் கடை
இருநூறு மைலில் கிடையாது.
போன நவம்பரில் மான் விழுந்த பிறகு
நான் மானிடம் போகவில்லை.
பனியில் மண்டியிட்டு
கூடு விழுந்த இடத்தைத் தேடினேன்,
சூடு உருக்கியிருக்கும் சின்னத் துளையை,
அரை மணி நேரம்.
ட்விலா கத்தியை எடுத்துக்கொண்டு
தனியே சரிவில் இறங்கினாள்.
முழங்கை வரை ரத்தத்தோடு ஏறி வந்து கேட்டாள்:
“கிடைத்ததா உன் பிள்ளை?”
பன்னிரண்டு பதினொன்றானது அப்படித்தான்.

ஆகவே முகத்தை மரக்கட்டையாக்கிக்கொண்டு
பக்கத்து டப்பாவை விலை கேட்டேன்.
அதிகம் என்றேன். தலையைச் சொறிந்தேன்.
போகிற போக்கில்போல,
“இந்தக் கலவை?”
“டப்பாவோடு எட்டு டாலர்.”
ஒவ்வொன்றுமே ஒரு டாலர் பெறும்.
“ஆறு” என்றேன்.
ஆமாம், ஆறு என்றேன்.
கேட்டதைக் கொடுத்தால் சந்தேகப்படுவாள் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டது.
ஏழுக்கு முடிந்தது.

வண்டியில் ஹீட்டரைப் போட்டு
மடியில் கொட்டி எண்ணினேன். நாற்பத்து மூன்று.
இரண்டிரண்டாகக் கையில் குலுக்கினேன்,
மண்சட்டியைத் தட்டிக் கேட்பதுபோல.
நல்லது சிணுங்கும்.
ஒன்று மட்டும் செருமியது.
கழுத்தில் மயிரிழை விரிசல்.

அதை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனேன்.
ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியாது.
முப்பத்தாறு டாலர் லாபத்தை வண்டியில் வைத்துவிட்டு
பதினாறு காசுக்கு நியாயம் கேட்கப் போகிறவனை
என்னவென்று சொல்வது?
“இது உடைந்தது” என்றேன்.

வெர்லா நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினாள்.
விரிசலைப் பார்க்கவில்லை.
அடியிலிருந்த எழுத்தைப் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
கோட்டுக்குள் எனக்கு வியர்த்தது.

பிறகு கால் டாலர் நாணயம் ஒன்றை
மேசையில் நகர்த்தி வைத்தாள்.
“மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதா?”
“ம்.”
“நல்லது” என்றாள்.

நான் நாணயத்தை எடுத்தேன். எடுத்தேன்தான்.
அவள் மீதிப் பதினாறு டப்பாக்களை
ஒவ்வொன்றாக மேசையில் கவிழ்க்கத் தொடங்கினாள்.
கொட்டகை முழுக்கப் பித்தளைச் சத்தம்.
வாசலைத் தாண்டும்வரை காது கொடுத்தேன்,
அதில் ஒன்றுகூடச்
செருமவில்லை.