நீலப் புள்ளி

டெஸ்கர் ரோட்டுக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.
"எத்தனை ஜிபி வேணும்ணே?" என்றான் நைனா முகமது.
சிமெண்ட் என்றால் மூட்டை,
கம்பி என்றால் டன்.
இதை எதில் அளப்பது?

"வீடியோ கால் பேசுவீங்களா? படம் பார்ப்பீங்களா?"
இன்னும் செய்யாத காரியத்துக்கு
என்ன கணக்குச் சொல்ல?
சூசைராஜ் விலாவில் இடித்தான்:
"நூறு போடு மாப்ள.
நம்ம புளோக்குல வைஃபை மாடிப்படி வரைக்கும்தான்."

நூற்றெண்பது வெள்ளிக்கு
ஓரத்தில் கீறல் விழுந்த பழைய செட்.
பதினெட்டு வெள்ளிக்கு இருபத்தெட்டு நாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்று வரைபடத்தைத் திறந்தேன்.
ஒரு நீலப் புள்ளி.
நான்தானாம்.

ஒன்பது வருஷம்
லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து
விலகிப்போகிற ஊராகவே பார்த்த ஊர்
இப்போது முழுசாக உள்ளங்கையில்.

விரலால் துழாவித் துழாவி
புங்கோலில் நாங்கள் எழுப்பிய புளோக்கைப் பிடித்தேன்.
அதற்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
கீழே காப்பிக்கடை, நாலரை நட்சத்திரம்.
யாரோ தோசையைப் படமெடுத்துப் போட்டிருக்க,
தட்டுக்குப் பின்னால்
நான் பூசிய சுவர்.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
ஜிபி கரைந்தால் கரையட்டும்.
இரண்டு பஸ் போய்விட்டது.

மட்டம் சரியாகத்தான் இருக்கிறது.