புள்ளியில் தொடங்கும் சொல்

புள்ளி வைத்த எழுத்தில்
சொல் எதுவும் தொடங்காது நம்மிடம்.
டிவ் மொழியில் தொடங்குகிறது:
ம்சுக்.

உதடு மூடியபடி வருகிற அந்த ம்
கதை கேட்பவர் கொட்டும் ம் அல்ல.
நான் என்று பொருள்.
நீ என்பதற்கு உ.
இருவருமே ஒற்றை எழுத்து,
நடுவில் ஒரு வணக்கம்:
ம் சுக் உ.
பிறகு அவசரத்தில்
அந்த உ-வையும் விழுங்கிவிடுகிறார்கள்.

ஒபியாகெலிக்கு இதெல்லாம் தெரியாது.
ஒனிட்சாவிலிருந்து இரண்டு பெட்டி ஸ்பார்க் பிளக்,
ஒரு மூட்டை பிரேக் கம்பியோடு
ஜாக்கி பியாம் சந்தையில் வந்திறங்கியவள்.
லாரி லாரியாகப் பெருவள்ளிக் கிழங்கு ஏறும் ஊர்;
லாரி இருந்தால் பழுதும் இருக்கும் என்பது அவள் கணக்கு.

முதல் நாள் வந்தவன் ம்சுக் என்றான்.
நன்றி என்று அர்த்தம் எனப்
பேருந்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.
வாங்கும் முன்பே நன்றியா?
காசு தராமல் நழுவுகிற ஆள் என்று
பிளக்கைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டாள்.
அவன் நைராவை எண்ணி வைத்தான்.
போகும்போதும் அதையே சொன்னான்.
வணக்கமும் நன்றியும் ஒரே சொல் என்று
பிடிபட ஒரு வாரம் ஆனது.
(வந்ததற்கே நன்றி, தந்ததற்கும் வணக்கம்...
விளக்கினால் கெட்டுவிடும், விடுங்கள்.)

காலையில் வேறு தொல்லை.
உ ந்டெர் வே?
எழுந்துவிட்டாயா?
எதிரே அக்காரா பொரிக்கும் டூசூர்,
சுமை தூக்கும் அக்பெர், அவன் பின்னால் நாலு பேர்,
எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள்.
எழாமலா ஷட்டரைத் தூக்கினேன்
என்று இக்போவில் முணுமுணுப்பாள்.
சுரம் ஏறி இறங்கும் மொழி அது.
அவள் திருப்பிச் சொன்னதைக் கேட்டு
டூசூர் கரண்டியைக் கீழே போட்டுச் சிரித்தாள்.
என்ன சொல்லித் தொலைத்தாள் என்று
இன்றுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மழையில் மலேரியா.
சுரம் இப்போது உடம்பில்.
ஷட்டர் ஏறவில்லை.
ஏழு மணி. ஏழரை.
எண்ணெய்க் கையோடு டூசூர்,
தோளில் கிழங்குமண்ணோடு அக்பெர்,
தகரத்தைத் தட்டி,
உ ந்டெர் வே?

தினமும் கேட்ட அதே மூன்று சொல்.
இந்த முறை
பதிலுக்குக் காத்து நின்றார்கள்.
பின்னால் ஒரு லாரி
ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.

உள்ளே, பாயில்,
வாய் திறக்கத் தெம்பில்லை அவளுக்கு.
திறக்காமலே தொடங்கக்கூடிய சொல்
ஒன்று கைவசம் இருந்தது.

ம்

மீதியை வெளியிலிருந்து
அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அக்பெர் தரவேண்டிய பிரேக் கம்பிக் காசு
இன்னும் நோட்டில்தான் இருக்கிறது.