காலி வலை

பதினொன்று ஐம்பதுக்கு அங்கே ஆட்டம் தொடங்கும்.
கூத்தங்குழி ஐஸ் பிளாண்ட்டில் அது
கம்ப்ரஸர் இரைச்சல் காதுக்குப் பழகிவிட்ட நேரம்.
உப்புத்தண்ணீர்த் தொட்டியில், மரமூடிகளுக்குக் கீழே
நூற்றிருபது கேன்
சத்தமில்லாமல் உறைந்துகொண்டிருக்கும்.

கோவில்பட்டியில் ஹாஸ்டலில் தங்கி
மூன்று வருஷம் லெஃப்ட் அவுட் ஆடியவன் நான்.
கரிசல் புழுதியில் முட்டி பிசகியதோடு மட்டை போயிற்று.
போனில் ஹாக்கி என்று தட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.
அப்படித் தட்டிய ஒரு ராத்திரி
அது என்னைக் கொண்டுபோய்
பனிக்கட்டி மேல் நிறுத்தியது.

லாத்வியாவும் ஸ்லோவாக்கியாவும்.
எது எங்கே இருக்கிறதென்று
எனக்கும் தெரியாது, லோடுமேன் டிக்சனுக்கும் தெரியாது.
ஐஸைப் பார்த்தால் தெரியும்.
"நல்லா இறுகியிருக்கு," என்றான்.
"நடுவுல வெள்ளை விழல. தண்ணி சுத்தம்."

பிறகு கேட்டான்:
"அந்தக் கறுப்புச் சாமான் என்னது?"
"பக்குன்னு சொல்லுதான்."
"வட்டுக் கருப்பட்டி மாதிரில்லா இருக்கு.
ஒரு கருப்பட்டிக்கா இந்த அடி அடிக்கான்?"

ஒருத்தனை ஒருத்தன் கண்ணாடிச் சுவரோடு சேர்த்து நசுக்கினான்.
விசில் ஊதி, இடித்தவனைக் கூண்டில் உட்கார வைத்தார்கள்.
இரண்டு நிமிஷம்.
டிக்சன் சிரிக்கவில்லை.
"ரெண்டு நிமிஷந்தானா?
எங்க வீட்டைக் கமிட்டி ஒதுக்கி வச்சது ரெண்டு வருஷம்."

இடைவேளையில் ஒரு வண்டி வந்து
ஐஸ் மேல் தண்ணீர் தடவி ஐஸை மினுக்கிப் போனது.
கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று
இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணிக்குப் பனிமயம் வந்தார்.
பேரில் பனி, நெற்றியில் வியர்வை.
வள்ளத்துக்குப் பன்னிரண்டு பார் வேண்டும்.
பழைய பாக்கியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
கேன் இளக வேண்டுமே,
கவிழ்த்த மீன்கூடையில் உட்கார்ந்து எங்களோடு பார்த்தார்.

கடைசி இரண்டு நிமிஷம்.
லாத்வியா ஒரு கோல் பின்னால்.
திடீரென்று அவர்களுடைய கோல்கீப்பர்
தலையணை கட்டிய கால்களோடு
வெளியே ஓடினான். ஓடியே போய்விட்டான்.
அவனுக்குப் பதில் அடிக்கிறவன் ஒருத்தன் கூடுதலாக உள்ளே குதித்தான்.

"வீட்டைத் தொறந்து போட்டுட்டு
எல்லாவனும் தெருவுக்கு வந்துட்டானுவளா?"
"தோத்துட்டுத்தான இருக்கான். வேற வழி?"
பனிமயம் மோவாயைச் சொறிந்துகொண்டார்.
அவர் மனைவியின் செயின் எந்த பேங்கில் இருக்கிறதென்று
எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

ஆறு பேராய்ப் போய் முட்டினார்கள்.
முட்டினார்கள்.
ஒரு மட்டை தவறியது.
ஸ்லோவாக்கியாக்காரன் தன் வாசலில் நின்றபடியே
ஓங்கி அடிக்காமல், சும்மா தள்ளிவிட்டான்.

கருப்பட்டி புறப்பட்டது.
அவசரமில்லாமல்,
அந்த வெள்ளை நீளம் முழுக்க,
ஆள் இல்லாத வீட்டைத் தேடிப்போகிற தந்தி மாதிரி.
துரத்தினவன் பாதியிலேயே நின்றுவிட்டான்.
டிக்சன் கையில் கொக்கி ஆடாமல் இருந்தது.
போய், உள்ளே விழுந்தது.

கொம்பு ஊதினார்கள். முகத்தில் சாயம் பூசினவர்கள்
ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து கத்தினார்கள்.
பனிமயம் எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.
நாலு நாளாய்க் கடலில் ஒன்றும் படவில்லை.

"காலி வலையைப் பாத்து
இத்தனை பேரு சந்தோசப்படுதத
இன்னைக்குத்தான் பாக்கேன்."

கேனைக் கவிழ்த்தோம்.
பார்கள் ஈரப் பலகையில் சறுக்கி வந்தன,
டிக்சன் கொக்கி போட்டு நிறுத்தினான்.
பன்னிரண்டு என்று நோட்டில் எழுதினேன்.
பதிமூன்றாவதையும் தள்ளிவிட்டேன்.
எழுதவில்லை.

போனில் ஜெயித்தவர்களின் தேசிய கீதம்.
ஒரு வார்த்தை புரியாது என்றாலும்
கேட்டிருக்கலாம்.
டிக்சன் கிரஷரைப் போட்டுவிட்டான்.