கூத்தாடிப் புழுக்கள்

ஈசூன். பதினோராம் மாடி.
பூந்தொட்டித் தட்டில் கைவிளக்கை அடித்தேன்:
ஒரு விரற்கடை நீருக்குள்
நாற்பதோ ஐம்பதோ
கூத்தாடிக்கொண்டிருந்தன.
மூன்றை உறிஞ்சிக் குப்பியில் அடைத்தேன், சாட்சிக்கு.
மீதியைக் கவிழ்த்தேன்.

செவ்வாய்தோறும் சமூக மன்றத்தில்
கண்மூடி உட்கார்ந்து
எவ்வுயிர்க்கும் தீங்கு நினையேன் என்கிறவன் நான்.
சம்பளம் இதற்குத்தான் வருகிறது.
கேட்டதற்கு வேதவல்லி டீச்சர் சிரித்தார்
(என்னைவிடப் பத்து வயது இளையவர்):
"கொசுவை அப்புறம் பார்க்கலாம், தேவராசு.
இன்றைக்கு யார் யாரை மனசால் அடித்தீர்கள்,
முதலில் அதை எண்ணிக்கொண்டு வாருங்கள்."

எண்ணினேன்.
அபராதம் என்றதும் திரு. சியா கத்தினார்,
பாதி மலாய், பாதி ஹொக்கியன்.
என் பேனாவைத் தட்டிவிட்டார்.
கதவு முகத்துக்கு நேரே அறைந்தது.

மின்தூக்கி இறங்கியது.
பத்தில், அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் கிடைத்தது.
ஒன்பதில் அதைவிடக் கூரானது.
ஏழில் அவர் மன்னிப்புக் கேட்டார். நான் தரவில்லை.
ஐந்தில் ஒரு பெண் சைக்கிளோடு ஏறினாள்;
அவளுக்கு ஒதுங்கி இடம்விட்டபடியே
மறுபடி அடித்தேன்.
தரைத்தளம் வருமுன் பதினான்கு.
ஒரு துளி ரத்தம் இல்லை.

கெட்டது எழுந்தால் விரட்டாதே,
பக்கத்தில் வேறொரு நினைவை உட்காரவை:
அதுதான் பாடம்.
வைத்துப் பார்த்தேன்.
'நல்ல மனிதர்தான்' ஒட்டவில்லை,
ஈரச் சுவரில் ஸ்டிக்கர் மாதிரி.
'எல்லாம் நன்மைக்கே' என்றபோது
சிரிப்பு வந்தது.
அதுவும் கொஞ்சம் உதவியது.

கீழ்த்தளத்துக் கல்மேசையில்
படிவத்தை நிரப்பும்போதுதான் கை நின்றது.
பேனாவைத் தட்டிய மணிக்கட்டில்
வெள்ளைப் பட்டை ஒன்று இருந்ததே.
மருத்துவமனைப் பட்டை.
கத்தரிக்க மறந்ததோ,
மனம் வராததோ.
தொட்டியிலும் யாரோ அளவு தெரியாமல்
ஊற்று ஊற்றென்று ஊற்றியிருந்தார்கள்.
பழக்கமில்லாத கை.
வேர் அழுகிய வாடை.

எனக்கென்ன தெரியும், ஊகம்தான்.
ஆனாலும்
பதினைந்தாவதற்கு ஓங்கிய கை
இறங்கவில்லை.

அபராதம் அபராதம்தான், இருநூறு வெள்ளி.
பெயரை மட்டும்
முன்னைவிட நிதானமாக எழுதினேன்.
தேங்கவிட்டால் ஏழே நாளில் இறக்கை முளைக்கும் என்று
வீடுவீடாய்ச் சொல்கிற வாய் இது.

குப்பிக்குள்
மூன்று சாட்சிகளும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.
இவற்றின் பக்கத்தில் எந்த நினைவை உட்காரவைப்பது?
செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டும்.