இவ்விடம்

பாசல். இரவு ஒன்றரை. ஆய்வுக்கூடத்தின்
உறைபெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது.
விடுமுறைக்குப் போகுமுன் ரெகூலா
கோப்புக்கு வைத்த பெயர்: -80
வெறும் குளிர். வேறெதுவும் அவள் நினைக்கவில்லை.

காட்டு என்றேன்.
8 என்றொரு விருப்பத்தேர்வு இல்லை என்றது திரை.
நகலெடு என்றேன். அதே பதில்.
மேற்கோள் குறிக்குள் பொத்திக் கொடுத்தேன்;
உறையை மாற்றினால் கடிதம் மாறுமா?
முன்னால் கோடு கிழித்துக்கொண்டு வருபவரெல்லாம்
கட்டளையிட வந்தவர்களென்று
யாரோ அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

புள்ளியோடு வந்தாலோ பட்டியலிலேயே இடமில்லை.
நம் மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி,
அரை மாத்திரைக்குக் குறையும், ஆனாலும் தெரியும்.
இங்கே முன்னால் புள்ளி;
ஆளே இல்லை.

மூன்றாம் தேநீர் ஆறியபின்
மறைக்கிற அதே புள்ளியை எடுத்து
ஒரு சாய்கோட்டை அண்டக்கொடுத்தேன்.
./-80
புள்ளி என்றால் இந்த அடைவு.
பழைய கடிதங்களின் முதல் சொல்:
இவ்விடம்.
இவ்விடம் -80 நலம்.

திறந்தது.
நிமிடத்துக்கொரு வரியாகக் குளிர்,
-80, -80, -79, -80.
செவ்வாய் மாலை நான்கு மணிக்கு மட்டும் -61.
யாரோ கதவைச் சரியாக அடைக்கவில்லை.

செவ்வாய் மாலை
பணியில் இருந்தது நான்தான்.