மந்தாரம்

புறநோயாளிப் பதிவேட்டில் ஏழாவது கட்டம்
தீப்பெட்டி அகலம்.
அதற்குள்தான் ஒரு மனுஷரின் நோவு அடங்க வேண்டும்.
விக்கிரமசிங்கபுரத்தில் பதினோரு வருஷமாக
அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

செரியாத வயிற்றுக்கு நான் எழுதுவது 'மந்தம்'.
பத்துச் சீட்டில் நாலு அதுதான்.
பந்திக்குப் போய்வந்தால் மந்தமான வயிறு.
ஆனி பிறந்தால் மந்தமான வியாபாரம்,
எதிர்த்த டீக்கடையில்.
என் மகனையும் அந்தச் சொல்லால்
கணக்கு வாத்தியார் ஒருதரம்
மார்க் அட்டையில் கட்டிவைத்தார்.
அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

உச்சிமாகாளி நைட் ஷிப்டு முடிந்து
நேரே வந்து நின்றார், புருவத்தில் பஞ்சு.
"வயித்துக்கு என்ன செய்யி?"
"மந்தாரமா இருக்கு."
கை என்னைக் கேட்காமலே எழுதிவிட்டது.

வேலூர்க்காரர், புது டாக்டர்,
பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார்.
"மந்தாரம்னா பூவில்லையா, சிஸ்டர்?"
சன்னலைக் காட்டினேன்.
மலைமேல் மூணு நாளாக அதே மேகம்.
பெய்யவும் இல்லை, வெளுக்கவும் இல்லை.
கொடியில் துணி காயாது,
குடை எடுக்கவும் யாருக்கும் தோன்றாது.
அது வயிற்றுக்குள் இருக்காம், சார்.

"ஏப்பம் வருதா?"
"வாற மாதிரி இருக்கும். வராது."
"பசி?"
"அதும் அப்படித்தான்."
"கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"
மேசைமேல் இருந்த முத்திரைக் கட்டையையே பார்த்தார்.
"வட்டியில கழிச்சு
தம்பி வயல எழுதி வாங்கிட்டேன், திங்கக்கிழமை.
கையெழுத்துப் போட்டுட்டு
அவன்தான் இட்டிலி வாங்கித் தந்தான்.
ரெண்டு."

டாக்டர் என் சொல்லை அடித்துவிட்டு
'அஜீரணம்' என்று எழுதினார்.
கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்தது.
மூன்று நாள் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்.

மறு வாரம் வரிசையில் அதே சாடையில் ஒருவன்.
பேர் கேட்டேன். சொரிமுத்து.
தொழில் கேட்டேன்.
விவசாயம் என்றவன், கொஞ்சம் நின்று,
"கூலின்னு போடுங்க" என்றான்.

"வயித்துக்கு என்ன செய்யி?"
"ஒண்ணுஞ் செய்யல, நர்சம்மா.
பசிக்கி.
தின்னாலும் பசிக்கி.
கல்லத் தின்னாலும் செமிச்சிரும் போல இருக்கு.
இதுக்கு எதும் இருக்கா?"

ஏழாவது கட்டத்தில் பேனாவை ஊன்றினேன்.
மை ஒரு புள்ளியாய் ஊறிப் பரவியது.
அப்போதுதான் மழை பிடித்தது.
சன்னலைச் சாத்த எழுந்தேன்.