ஏற்ற இறக்கம் இல்லாமல்

நான் என்பது ஊரின் பெயர்.
குரலை மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் ஊர்.
ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னால்
நீண்ட காலம்.
பதினோரு வருடமாக என் வாயில்
இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன.

‘யூ நான்’ என்றேன் குடிவரவு அலுவலகத்தில்.
மேசைக்கு அந்தப்புறம் இருந்த காக்கிச்சட்டைப் பெண்
சிரிக்காமல் கேட்டாள்:
இந்த ஊரில் இருக்க வேண்டுமா,
நீண்ட காலம் இருக்க வேண்டுமா?
பிகுன் என் முழங்காலைத் தட்டிவிட்டு
ரெண்டும்தான் என்றாள்.

பிகுன் என்றால் மகிழம்பூ.
அன்று அவள் மடியில்
மூன்று ரப்பர் பட்டைகள் போட்ட கோப்பு.

திருமணப் பதிவு, அதன் நகல், நகலின் மேல் கையெழுத்து.
வங்கிப் புத்தகம். நாலு லட்சம் பாட்.
இரண்டு மாதம் யாரும் தொடவில்லை என்று
வங்கி மேலாளரின் கடிதம்.
தொடவில்லை.
அந்த இரண்டு மாதமும் சமையலறைக் கூரை ஒழுகியது.
ஒரு வாளி வைத்தோம், பிறகு இரண்டு,
பிறகு அரிசி அவிக்கும் பானை.
இரவெல்லாம் மழை எண்ணிக்கொண்டிருந்தது,
வங்கியைவிடக் கவனமாக.

வீட்டுக்கு வழி, கையால் வரைந்தது, ஒரு தாள்.
வேல்ஸில் முப்பத்தொரு வருடம்
ரயில் சிக்னல்களை வரைந்தவன்;
அளவுகோலோடு உட்கார்ந்தேன்.
வடக்கு மிகச் சரியாக இருந்தது.
பிகுன் தாளைத் திருப்பிப்போட்டு
பின்பக்கத்தில் வேறொன்று வரைந்தாள்:
மூடிப்போன நூடுல்ஸ் கடை,
கடிக்கும் நாய்,
கடிக்காத நாய்,
அவளுடைய முதல் கணவன் குடித்துவிட்டு விழுந்த பாலம்.
பாலம் எதற்கு என்றேன்.
எல்லாருக்கும் தெரிந்த இடம் என்றாள்,
பென்சிலைக் கூராக்கியபடி.

புகைப்படங்கள்.
வாசலில், வீட்டு எண் தெரிய.
சமையலறையில், வாளிகளை ஓரம் தள்ளிவிட்டு.
படுக்கையறையில், இருவரும்.
என் குறட்டைக்குப் பயந்து ஆறு வருடமாக
அவள் அடுத்த அறையில் தூங்குகிறாள்.
பக்கத்து வீட்டு புன்ருவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து
போனைக் குறுக்காகப் பிடித்து
இன்னும் கொஞ்சம் நெருங்கி என்றாள்.
நெருங்கினோம்.
பிகுனின் கூந்தலில் கரியடுப்பு வாசனை.
எடுத்தாயிற்று, எழுந்திருக்கலாம் என்றாள் புன்ருவன்.
இருவரும் எழவில்லை.
அவள் போனைப் பார்த்துக்கொண்டே
கொசுவலையை விலக்கி வெளியே போனாள்.

சாட்சியும் அவள்தான்.
இவர்கள் சேர்ந்துதான் வாழ்கிறார்களா?
அவர் சமைக்கும் நாளில்
புகை என் துணியில் பிடிக்கும்.
இவள் சமைக்கும் நாளில்
ஒரு கிண்ணம் குழம்பு வரும்.
அதிகாரி எதையோ எழுதிக்கொண்டாள்.
புகையையா குழம்பையா, தெரியவில்லை.

பரிசீலனையில், என்றது முதல் முத்திரை. முப்பது நாள்.
திரும்பவும் அதே நாற்காலி, அதே ரப்பர் பட்டைகள்,
அவற்றில் ஒன்று அறுந்திருந்தது.
பிறகு ஒரு வருடம்.
நீல மை, கொஞ்சம் சாய்ந்து.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை
இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று
அவர்களிடம் சொல்ல வேண்டுமாம்.
சொல்லலாம்.
பிகுனிடம் அதை எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று
வண்டி நிறுத்துமிடம் வரை யோசித்தேன்.
சாவியைக் கேட்டாள். கொடுத்தேன்.

வழியில் வங்கி. அடுத்து இரும்புக்கடை.
ஏழு தகரத் தகடுகள், ஒரு பெட்டி ஆணி.
கடைப்பையன் தகட்டைச் சுண்டிக் காட்டினான்.
எத்தனை காலம் தாங்கும்?
நான், என்றான் அவன்,
ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல்,
வெயிலில் வைத்த தகரம்போலத் தட்டையாக.

பிகுன் ஓட்டினாள்.
பின்னால் தகடுகள் குதித்துக் குதித்து ஓசையிட்டன.
பாலம் தாண்டும்வரை
அந்த ஒரு சொல்லை
வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது என்றாள்,
சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.